மகிழடிச் சத்தியம் முதல் ஆலோசனை அறை வரை: வடசென்னையில் மனக்காயம் ஆற்றிய வழிகள்

தண்டையார்பேட்டையை நடுவில் வைத்துத் தெற்கே இராயபுரமும் காசிமேடும், வடக்கே திருவொற்றியூரும் எண்ணூருமாகத் துறைமுகத்தையும் ஆலைகளையும் ஒட்டி நீளும் வடசென்னையில், வளர்ந்த மனிதர்களின் மனக்காயங்களும் அவர்களுடைய உறவுகளில் திரும்பத் திரும்ப விழும் விரிசல்களும் எங்கே, யாரால், எவ்வாறு ஆற்றப்பட்டுவந்தன என்று தேடுவோருக்கு மருத்துவமனைப் பதிவேடுகள் பாதி விடையைக்கூடத் தருவதில்லை. பைத்தியம் என்று தாங்கள் கருதியதை மட்டுமே இப்பகுதி மக்கள் நெடுங்காலம் மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். கணவனின் குடி, மனைவியின் மௌனம், தகப்பனிடம் பட்ட அடியைத் தன் பிள்ளைக்குத் திருப்பிக் கொடுக்கும் மகனின் கோபம் ஆகியவற்றைக் கோயிலுக்கும், தர்காவுக்கும், பங்குக் குருவிடமும், ஊர்ப் பஞ்சாயத்துக்கும், அண்மைக் காலத்தில் காவல் நிலையத்துக்கும் கொண்டுபோனார்கள். இந்த இடங்களில் பெரும்பாலானவை ஒரே கருவியைத்தான் கையாண்டன. அது சத்தியம்: தவறு செய்தவரை நிறுத்தி, இனிச் செய்யமாட்டேன் என்று தெய்வத்தின் முன்னோ ஊரின் முன்னோ சொல்லவைப்பது. உளச்சிகிச்சை என்று இன்று அழைக்கப்படும் முறை இப்பகுதிக்குள் நுழைந்த வரலாற்றை, சத்தியம் வாங்கும் பழக்கத்தோடு அது நடத்திவரும் நீண்ட வழக்காகவே காண முடியும்.

சத்தியம் பற்றிய மிகப் பழைய கதையும் திருவொற்றியூருக்கே உரியது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தின்படி, திருவாரூரில் பரவையாரை ஏற்கெனவே மணந்திருந்த சுந்தரர், ஒற்றியூர்க் கோயிலில் பூத்தொண்டு செய்துவந்த சங்கிலியாரைக் கண்டு விரும்பி, அவரைப் பிரிவதில்லை என்று சத்தியம் செய்து மணக்க இசைகிறார். கருவறை முன் சொன்ன சொல்லை மீற முடியாது என்று அஞ்சிய அவர், சத்தியம் செய்யும் நேரத்தில் இறைவன் கோயிலின் மகிழ மரத்தடிக்குப் போய்விட வேண்டும் என்று முன்கூட்டியே வேண்டிக்கொள்கிறார். இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிடுகிறார். வசந்த காலம் வந்து ஆரூர் நினைவு மேலிட, சொல்லை மீறி ஊர் எல்லையைக் கடந்த சுந்தரர் கண்கள் இரண்டையும் இழந்து, வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் ஒரு கண்ணும், ஆரூரில் மறு கண்ணும் பெறுகிறார். அங்கே அவரை வீட்டுக்குள் சேர்க்க மறுத்த பரவையாரைச் சமாதானப்படுத்த இறைவனே இருமுறை தூது நடக்க வேண்டியிருக்கிறது. இன்றும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவையாக நடத்திக் காட்டப்படும் இந்நிகழ்ச்சியைப் பக்திக் கதையாக மட்டும் படிப்பவர்கள் தவறவிடும் ஒரு நுட்பம் உண்டு. சத்தியம் செய்யத் துணிகிறவரே அதை மீறுவதற்கான வழியையும் உடன் தேடிக்கொள்கிறார் என்பதைச் சேக்கிழார் அறிந்திருக்கிறார். மீறலுக்குத் தண்டனை வருகிறது, பிறகு மன்னிப்பும் வருகிறது. ஏன் மீறினார் என்ற கேள்வி மட்டும் எழுவதில்லை. ஒற்றியூரில் விடப்பட்ட சங்கிலியாரின் மனம் என்ன பாடுபட்டது என்பது பற்றி, அவர் கயிலைக்கு மீளும் வரை, நூலில் அதிகம் பேச்சில்லை.

சத்தியத்தைச் சாராத வழிகளும் இருந்தன. இராயபுரத்தில் துறவியாக வாழ்ந்து 1838இல் மறைந்த சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு, இராமநாதபுரக் கடற்கரையின் தொண்டிப் பகுதியிலிருந்து வந்தவர் என்பதால் தண்டையார்பேட்டைக்கு அப்பெயரே அவரால் வந்தது என்று இப்பகுதியில் சொல்வதுண்டு. 1693இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த ஊர்களின் வரிசையிலேயே அப்பெயர் இருப்பதால் இது அன்பினால் விளைந்த வரலாறு என்றே கொள்ள வேண்டும். ஆயினும் சாதியும் சமயமும் பாராமல் மக்கள் தங்கள் துயரத்தைக் கொண்டுபோய்ச் சொல்லும் இடங்களாக இப்பகுதியின் தர்காக்கள் இருந்துவந்திருக்கின்றன என்பதில் ஐயமில்லை. 1829ஆம் ஆண்டைச் சேர்ந்த இராயப்பர் ஆலயம் போன்ற கத்தோலிக்கக் கோயில்களில் நடைபெறும் பாவசங்கீர்த்தனம் உளச்சிகிச்சைக்கு இன்னும் நெருக்கமான முன்னோடி. சொல்பவர் தனியே வந்து மண்டியிட்டுத் தன் வாயாலேயே சொல்வதும், கேட்ட குரு உயிர் போனாலும் வெளியே சொல்லக்கூடாது என்னும் திருச்சபை விதியும், எல்லாம் நாலுபேர் அறியவே நடந்த ஒரு கடலோரச் சமூகத்தில் அரிய ஏற்பாடுகளாகும். ஆனால் அங்கே பேசப்படுவது பாவம். தான் செய்ததைச் சொல்ல இடமுண்டு, தனக்குச் செய்யப்பட்டதைச் சொல்ல அவ்வளவு இடமில்லை.

தனக்குச் செய்யப்பட்டதைச் சொல்லும் இடம் சாவு வீடாக இருந்தது. பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் அசைந்து வைக்கும் ஒப்பாரி, இறந்தவரை முன்னிலையில் வைத்துப் பாடப்பட்டாலும், இருப்பவர்களைப் பற்றிய குற்றச்சாட்டுகளும் அதில் நிறைந்திருக்கும். பிறந்த வீட்டார் கைவிட்டது, மாமியார் சோறு மறுத்தது, கட்டியவன் கை நீட்டியது என்று வேறு எந்நாளிலும் உரக்கச் சொல்ல முடியாதவற்றை அன்று சொன்னால் எவரும் கோபித்துக்கொள்வதில்லை. இறந்தவருக்காக அழ வந்தவள் தன் பாட்டையும் சேர்த்து அழுது தீர்த்துவிட்டு எழுவாள். ஆண்களுக்கு இந்த வேலையை மரண கானா செய்தது. பந்தலுக்குக் கீழே பெஞ்சையோ பானையையோ தாளமாகத் தட்டி விடியும்வரை பாடப்படும் அப்பாட்டில் இறந்தவரின் பெயர், தொழில், நட்பு, கேலிப்பேச்சு எல்லாம் கோக்கப்பட, பகலில் கண் கலங்காத ஆண்கள் அதைக் கேட்டு அழுவது தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பகுதிகளில் இயல்பான காட்சி. துக்கத்துக்கு இவ்வளவு செழிப்பான வடிவங்களைக் கண்டுபிடித்த சமூகம், உயிரோடிருப்பவர்களுக்கிடையே உண்டான காயத்துக்கு அப்படியொரு பந்தல் போடவில்லை. காரியம் முடிந்ததும் பந்தல் பிரிக்கப்படும். வீட்டுச் சண்டை ஊர்ப் பெரியவர்கள் முன்னே போகும். அங்கே தீர்ப்பு, அபராதம், பிறகு சத்தியம்.

அரசு இதற்கு இணையாக ஏற்படுத்திய இடம் அச்சத்தையே விளைத்தது. 1794இல் மருத்துவர் வாலன்டைன் கொனோலி புரசைவாக்கத்தில் தொடங்கிய தனியார் விடுதியை மூலமாகக் கொண்ட சென்னை மனநோய்க் காப்பகம், 1871இல் கீழ்ப்பாக்கத்தில் பரந்த தோட்டமொன்றுக்கு மாற்றப்பட்டு, 1922இல் அரசு மனநோய் மருத்துவமனை என்று பெயர் மாற்றம் பெற்றது. பெயர் மாறியும் மதிப்பு மாறவில்லை; ஒரு மனிதனைக் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சொன்னால் அதற்குமேல் விளக்கம் வேண்டியிராத அளவுக்கு அவ்வூர்ப்பெயர் வசைச்சொல்லாகிவிட்டது. தூக்கமில்லாத மனைவியையோ, எதற்கெடுத்தாலும் கொதிக்கும் கணவனையோ அங்கே அழைத்துப் போக யாருக்கு மனம் வரும்? 1961இல் அதன் தலைமைப் பொறுப்பேற்ற மருத்துவர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர், புறநோயாளர் பிரிவையும் மறுவாழ்வுப் பணியையும் வளர்த்து, பூட்டிய கதவுகளைச் சிறிது சிறிதாகத் திறந்தார். அதே காலத்தை ஒட்டி அமிர்தசரசில் மருத்துவர் வித்யாசாகர் நோயாளிகளின் குடும்பத்தாரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கவைத்ததும், வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையம் உறவினர் உடன் தங்குவதைச் சிகிச்சையின் பகுதியாகவே ஆக்கியதும் உலக மனநல மருத்துவத்துக்கு இந்தியா அளித்த கொடைகளில் சேரும். மேலைநாடுகள் குடும்பத்தை நோயின் காரணமாகக் கண்டு விலக்கிவைத்த காலத்தில், இங்கே அது சிகிச்சையறைக்குள் அழைக்கப்பட்டது.

இவ்விடத்தில் உளச்சிகிச்சை என்பதன் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பயிற்சி பெற்ற ஒருவரோடு, குறித்த கால இடைவெளியில், இரகசியம் காக்கப்படும் என்ற உறுதியோடு தொடர்ந்து பேசுவதன் வழியாக, தன் உணர்ச்சிகளையும் நடத்தையையும் ஒருவர் புரிந்து மாற்றிக்கொள்ளும் முறையே அது. வியன்னாவில் பிராய்டும் பிராயரும் 1895இல் வெளியிட்ட நூலிலிருந்து அதன் நவீன வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். இந்தியாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். பிறந்த முதல் சில ஆண்டுகளில் தன்னைப் பேணியவரோடு குழந்தைக்கு அமையும் பிணைப்பு, வளர்ந்த பின் அது கொள்ளும் உறவுகளுக்கெல்லாம் அச்சாகிறது என்று ஆங்கில மருத்துவர் ஜான் பௌல்பி விளக்கியதைப் பற்றுறவுக் கோட்பாடு என்பர். அழுதால் யாராவது வருவார்கள் என்று கற்ற குழந்தை ஒருவகையாகவும், வருவார்களா மாட்டார்களா என்று தெரியாமல் வளர்ந்தது வேறுவகையாகவும், பிற்காலத்தில் கணவனிடமோ மனைவியிடமோ நடந்துகொள்ளும் என்பது அதன் சாரம். சிறிய தாமதத்தையும் கைவிடலாக எண்ணிச் சீறுவது, நெருங்கி வருபவரிடமிருந்து விலகி ஓடுவது, தகப்பனைப் போன்ற குடிகாரனையே தேடிக் கட்டிக்கொள்வது போன்ற திரும்பத் திரும்ப நிகழும் போக்குகளே உறவுப் பாங்குகள் எனப்படுகின்றன. அவை சிகிச்சையறையிலும் தலைகாட்டும். தகப்பனிடம் காட்ட முடியாத கோபத்தை ஆலோசகரிடம் காட்டுவதை உணர்வு இடமாற்றம் என்பர். ஆலோசகர் பதிலுக்குக் கோபிக்காமலும் விலகாமலும் அதையே பேசுபொருளாக்கும்போது, பழைய உறவில் கிடைக்காத ஒரு பதில் புதிய உறவில் கிடைக்கிறது. காயம் ஆறுவதன் பெரும்பகுதி இவ்வனுபவத்திலேயே நிகழ்கிறது. ஆரன் பெக் 1960களில் வகுத்த எண்ணச் சிகிச்சை, பழைய கதையை அவ்வளவு தோண்டாமல், இன்றைய எண்ணம் எவ்வாறு இன்றைய உணர்ச்சியைக் கிளப்புகிறது என்று பார்த்து அதை மாற்றப் பழக்குகிறது.

தீர்ப்புச் சொல்லாத இந்தக் கேட்பு இந்தியர்களுக்கு ஒத்துவருமா என்ற ஐயத்தை மனநல மருத்துவர் ஜே.எஸ். நேக்கி 1973இல் முன்வைத்து, இங்கே சிகிச்சை நாடி வருபவர் மருத்துவரிடம் குருவையே தேடுகிறார் என்றும், குரு-சீடர் உறவையே சிகிச்சைக்கு ஏற்ற வடிவமாகக் கொள்ளலாம் என்றும் எழுதினார். வடசென்னையைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் பாதி உண்மை: 'நீங்களே ஒரு வழி சொல்லுங்கம்மா' என்பதுதான் இப்பகுதியில் ஆலோசகர் மிகுதியாகக் கேட்கும் வாக்கியமாக இருக்கும். மறுபாதி ஆராயத்தக்கது, ஏனெனில் வழி சொல்பவர்களுக்கு இப்பகுதியில் என்றுமே பஞ்சமிருந்ததில்லை. சொல்லும்வரை கேட்பவர்களுக்குத்தான் பஞ்சம்.

அந்தக் கேட்பு இப்பகுதிக்குக் குடி என்னும் வாசல் வழியாகவே முதலில் வந்தது. மூட்டை சுமப்பவர், வலை இழுப்பவர், எண்ணெய்க் கிடங்கிலும் ஆலையிலும் இரவுப் பணி பார்ப்பவர் ஆகியோரின் உடல்வலிக்கும் மனவலிக்கும் ஒரே மருந்தாகச் சாராயம் இருந்தது; மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுதும் வந்து, 1971இல் விலக்கப்பட்டு, மீண்டும் வந்து போய், 1983இல் டாஸ்மாக் நிறுவப்பட்டு, 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கு வந்தது. குடிப்பவரைக் கோயிலில் கயிறு கட்ட வைப்பதும் மாலை போட வைப்பதும் குடும்பங்களின் வழக்கமான வைத்தியம். கயிறு கட்டிய நாள்களில் குடி நிற்பதும், அவிழ்த்த அன்றே இரட்டிப்பாவதும் ஊரறிந்தவை. சாந்தி ரங்கநாதன் தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பின் 1980இல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், குடியை ஒழுக்கக்கேடாகக் கொள்ளாமல் நோயாகக் கொண்டதோடு, நோயாளியின் மனைவிக்கும் தனியே சிகிச்சை தேவை என்று வற்புறுத்தியது. குடிப்பவரின் கடனை மறைத்து, அவருக்காகப் பொய் சொல்லி, பாட்டிலைத் தேடி எண்ணி, தன் வாழ்க்கை முழுவதையும் அவருடைய குடியைச் சுற்றியே அமைத்துக்கொள்ளும் நிலையை உடன்சார்பு நோய் என்று அங்கே விளக்கினார்கள். 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய பெயரற்ற குடிநோயாளிகள் அமைப்பின் கூட்டங்களும் சென்னையில் தமிழிலேயே நடைபெறுகின்றன. அங்கே வாழ்நாள் சத்தியம் கேட்பதில்லை, இன்று ஒருநாள் குடிக்கமாட்டேன் என்பதே போதும். மகிழ மரத்தடியில் என்றும் பிரியேன் என்று சொன்ன சுந்தரருக்கு இப்படியொரு சலுகை கிடைத்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம்.

இரண்டாவது வாசல் சட்டம். 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம் வழக்கைத் தீர்ப்பதற்கு முன் சமரசத்துக்கு முயல்வதை நீதிமன்றத்தின் கடமையாக்கி, ஆலோசகர்களுக்கும் இடமளித்தது. மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் நிறுவிய சென்னைச் சமூகப்பணிப் பள்ளி போன்றவற்றில் பயின்றவர்களுக்கு இவ்வாறு நீதிமன்றத்திலும் குடும்ப ஆலோசனை மையங்களிலும் வேலை கிடைத்தது. 1992இல் ஆயிரம்விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டு, பிறகு வண்ணாரப்பேட்டை உள்ளிட்ட பகுதிகளுக்கும் அத்தகைய நிலையங்கள் வந்தபோது, பெண்கள் பஞ்சாயத்தைத் தாண்டி நேரே முறையிட ஓர் இடம் உண்டாயிற்று. அதைச் சிறிதாக மதிப்பிடக் கூடாது. ஆனால் அங்கே நடப்பதை அருகிலிருந்து பார்த்தால் பழைய கருவியே கண்ணில் படும். மனைவி மனுக் கொடுக்கிறாள், மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தரப்படுகிறது, கணவனுக்குப் போன் போகிறது, இரு வீட்டாரும் வந்து வராந்தாவில் நிற்க, ஆய்வாளர் இருவரையும் அதட்டிப் புத்தி சொல்லி, இனிமேல் அடிக்கமாட்டேன், குடிக்கமாட்டேன், ஒழுங்காகக் குடும்பம் நடத்துவேன் என்று வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, சேர்ந்து போங்கள் என்று அனுப்பிவைக்கிறார். இதற்கும் கவுன்சிலிங் என்றே பெயர். சேர்ந்துபோன குடும்பங்களின் எண்ணிக்கையே வெற்றியின் அளவுகோலாக இருப்பதால், சேர்ந்துபோனவள் மறுபடியும் அடிவாங்கியது அடுத்த மனு வரும்வரை எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. பௌல்பி விளக்கிய அச்சு உடையாமல் தாளில் எழுதிய உறுதி எத்தனை நாள் நிற்கும்?

இதே தீர்ப்பு மனப்பான்மையைத் தொலைக்காட்சி வணிகமாக்கியது. 2011இல் தொடங்கிய 'சொல்வதெல்லாம் உண்மை' என்னும் நிகழ்ச்சியில் ஏழைக் குடும்பங்களின் அந்தரங்கம் ஒளிவெள்ளத்தில் விசாரிக்கப்பட்டது. 2018இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பாவசங்கீர்த்தனக் கூண்டு காத்த இரகசியத்தை விற்றுக் காசாக்கிய அந்த நிகழ்ச்சிக்கு ஆலோசனை என்ற பெயர் ஒருநாளும் பொருந்தாது.

மூன்றாவது வாசலைக் கடல் திறந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின், பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகக் கடலோரங்களில் ஆசிரியர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் பயிற்சியளிக்க, மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவும் மீனவர் குப்பங்களுக்குள் சென்றது. பைத்தியம் என்ற பழி இல்லாமல் மனக்காயம் பற்றி ஊர் முழுவதும் பேச முடிந்த முதல் தருணம் இது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர் தனிமனிதரோடு நில்லாமல் சமூகம் முழுவதன் காயத்தையும் கருத்தில்கொண்டு வளர்த்த உளவளத்துணைப் பணிக்கும் இதற்கும் ஒப்புமை உண்டு; வேறுபாடும் உண்டு. அங்கே பேரழிவு பல்லாண்டு நீடித்ததால் பணியும் வேரூன்றியது. இங்கே நிவாரணக் காலம் முடிந்ததும் பயிற்சி பெற்றவர்கள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள்.

இன்று, 1938இல் கல்லூரியாக வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் காண்பதை நடைமுறையில் நிறுத்தியது. 2022 அக்டோபர் முதல் 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேச முடிகிறது. தடையாக இருப்பது கூலி. வாரந்தோறும் ஒரு மணி நேரம் என்பது ஆலோசகருக்கு ஒரு மணி நேரம். காசிமேட்டு விசைப்படகில் பல நாள் கடலில் கிடப்பவருக்கோ, கிடங்கில் நாட்கூலிக்கு நிற்பவருக்கோ அது ஒரு நாள் சம்பளம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் கரையில் இருக்கிறார்கள், வருமானம் நின்று வீட்டில் உரசல் மிகுகிறது. எட்டு வார ஆலோசனை ஒன்று அதற்குள் அடங்கும். தடைக்கால நிவாரணத் தொகையைத் திட்டமிடும் அரசு இதையும் திட்டமிடலாம். அதைவிட எளிதானது ஒன்று உண்டு: மகளிர் காவல் நிலையங்களில் எழுதி வாங்கும் அந்தத் தாளோடு, அடித்தவரையும் அடிபட்டவரையும் தனித்தனியே ஸ்டான்லியின் மனநலப் பிரிவுக்கு அனுப்பும் சீட்டு ஒன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அவர்கள் அங்கே போனார்களா என்று மூன்று மாதம் கழித்து விசாரிக்கவும் வேண்டும்.